நடைபாதை முடிகிற இடத்து அறை

ஃபெர்கஸ் ஃபால்ஸ், மினசோட்டா
ஜனவரி 12, 2003

அன்புள்ள தங்கை மாவிஸுக்கு,

உன் கிறிஸ்துமஸ் கடிதமும், அதற்குள் நீ மடித்து வைத்திருந்த கப்பல் பயண விளம்பரப் புத்தகமும் பத்திரமாக வந்து சேர்ந்தன. நீங்கள் இருவரும் சுகம் என்று படித்ததில் நிம்மதி. இங்கே எங்களுக்கும் சொல்லும்படியான குறை இல்லை. ஏரி உறைந்து கல்லாகிவிட்டது. தபால் பெட்டி வரை போய் வந்தால் மூக்கு இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. அரிசோனாவில் குளிர் தாங்காமல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டதாக எழுதியிருந்தாயே, அதைப் படித்துக் காட்டியதும் ஓர்வில் விழுந்து விழுந்து சிரித்தார்.

போன் பண்ணினால் என்ன என்று கேட்காதே. எங்கள் போன் சமையலறைச் சுவரில் இருக்கிறது. ஓர்விலும் இப்போதெல்லாம் சமையலறையில்தான் இருக்கிறார். எழுதினால் நிதானமாகச் சொல்லலாம்.

போன ஞாயிறு தேவாலயத்தில் சாப்பாடு. குட்ரன் ஹாகெனுக்கு ஒரு துண்டு கேக் நீட்டினார்கள். வழக்கம்போல வேண்டாம் என்றாள். மறுபடி நீட்டினார்கள். ஐயோ, போதும் என்றாள். பரிமாறியது புதுப் போதகரின் மனைவி, டெக்சாஸ்காரி. சரி என்று அடுத்த மேஜைக்குப் போய்விட்டாள்! குட்ரன் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். நம் ஊர் முறைப்படி மூன்றாவது தடவை கேட்டால்தானே வாங்கிக்கொள்ள முடியும்? பாவம், வெறும் காபியோடு வீட்டுக்குப் போனாள்.

அலாஸ்காக் கப்பலுக்கு நாங்கள் வருகிறோம். அடுத்த வருஷம் வைத்துக்கொள்ளலாமா என்று எழுதியிருந்தாய். வேண்டாம், இந்த வருஷமே போய்விடுவோம். கப்பல் படத்தை மேஜையில் விரித்து வைத்துப் பார்த்தேன். கப்பலின் பின்புறத்தைப் பார்த்தபடி, பால்கனியோடு சில அறைகள் இருக்கின்றன. நீளமான நடைபாதை போய் முடிகிற இடத்தில் எதிரே கதவு. இடமா வலமா, எத்தனையாம் நம்பர் என்ற குழப்பமே இல்லை. சுவர் முட்டுகிற வரை நேராக நடந்தால் போதும். நம் வயதுக்கு அது சௌகரியம் என்று பட்டது. சும்மா ஒரு யோசனைதான்.

ஓர்வில் நன்றாக இருக்கிறார். செவ்வாய்க்கிழமை போஸ்டாபீசுக்குப் போனவர், மத்தியானச் சாப்பாடு ஆறிப்போன பிறகுதான் வந்தார். "சும்மா ஒரு சுத்து சுத்திட்டு வந்தேன்"னு சொன்னார். பெட்ரோல் முள்ளைப் பார்த்தால் டகோட்டா வரை சுற்றியிருப்பார் போலிருக்கிறது. வெயில் நன்றாக அடித்தது, அதனால்தான் இருக்கும்.

கார்மைனுக்கு என் அன்பைச் சொல். முட்டியைக் கவனித்துக்கொள்ளச் சொல்.

உன் அக்கா
ஆர்லிஸ்


டூசான், அரிசோனா
ஜனவரி 30, 2003

அன்புள்ள அக்காவுக்கும் அத்தானுக்கும்,

சுகம்தானே? நாங்கள் சுகம். இவர் முட்டி மட்டும் மழை வரப்போவதை ஒரு வாரம் முன்னாலேயே சொல்கிறது. இங்கே மழை வருவதேயில்லை என்பதால் சரிபார்க்க வழியில்லை.

நீங்கள் வருகிறீர்கள் என்றதும் நான் குதித்தேன். உடனே ரீட்டாவிடம் போனேன். எங்கள் சீட்டாட்டக் கூட்டத்தில் இருக்கிறாளே, டிக்கெட் போடுகிறவள். செப்டம்பர் முதல் வாரம், வான்கூவரில் ஏறுகிறோம். ஆனால் அக்கா, பின்பக்க அறைகளுக்கு ஏகக் கிராக்கியாம். அந்தக் கப்பலில் ஒன்றே ஒன்றுதான் மிச்சம். இன்னோர் அறை கப்பலின் நடுவில், லிஃப்டுக்குப் பக்கத்தில். அதற்கும் பால்கனி உண்டு. பின்பக்கம் உனக்கு வேண்டுமா? கார்மைனும் அதன் மேல் ஒரு கண் வைத்திருக்கிறார். இரண்டு கரையும் ஒரே சமயத்தில் தெரியுமாம், கப்பல் விட்டுப்போகிற வெள்ளைக் கோடு மைல் கணக்கில் நீண்டு கிடக்குமாம். நீ சொல்கிறபடி செய்கிறேன்.

அத்தான் எப்படி? போன வாரம் நான் போன் பண்ணியபோது அவர்தான் எடுத்தார். என்னை ட்ரூடி என்றே கூப்பிட்டுப் பேசி முடித்தார். பெற்ற மகள் குரலுக்கும் கொழுந்தியாள் குரலுக்கும் வித்தியாசம் தெரியவில்லையா என்று கேலி செய்தேன் என்று சொல்.

அன்புடன்
மாவிஸ்

அக்காவுக்கு, நான் கார்மைன். இவ எழுதுனதுல பாதிதான் நிஜம். என் முட்டி நல்லாத்தான் இருக்கு. சகலைகிட்ட சொல்லுங்க, கப்பல்ல சாப்பாடு எத்தனை தடவை வேணும்னாலும் போடுவானாம். பெல்ட்டு வேணாம், தொளதொளன்னு பேண்ட்டு கொண்டாரச் சொல்லுங்க.


ஃபெர்கஸ் ஃபால்ஸ்
பிப்ரவரி 9, 2003

அன்புள்ள மாவிஸுக்கு,

உன் கடிதமும் கார்மைனின் கிறுக்கலும் கிடைத்தன. எல்லோரும் சுகமாக இருப்பதில் சந்தோஷம். இங்கே பனி ஜன்னல் விளிம்பைத் தொட்டுவிட்டது. மற்றபடி மோசமில்லை.

ஒரு வேடிக்கை. ஓர்விலின் தம்பி மகனுக்கு ஃபார்கோவில் கல்யாணம். ஓட்டலில் தங்கினோம். காலையில் நான் குளித்துவிட்டு வெளியே வந்தால் ஆளைக் காணோம். ஐஸ் எடுத்து வருகிற ஓட்டல் வாளியும் இல்லை. நடைபாதையில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடினேன், ஈரத் தலையோடு. எல்லாக் கதவும் ஒரே பச்சை. கடைசியில் எங்கே இருந்தார் தெரியுமா? இரண்டு மாடி கீழே, ஒரு ஹாக்கி அணியின் அறையில், பைஜாமாவோடு கட்டிலில் உட்கார்ந்து பீட்சா தின்றுகொண்டிருந்தார். "நம்ம ரூம்னு நெனச்சேன். பசங்க தங்கமான பசங்க, ஆர்லிஸ்" என்றார். அவர்களும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அடுத்த ராத்திரி கதவுக்கு முன்னால் நாற்காலியைப் போட்டு அதிலேயே படுத்துக்கொண்டேன். தூங்கினேன் என்று சொல்ல முடியாது.

அந்த அறை விஷயம். வேண்டாம் மாவிஸ், நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். ரீட்டாவிடம் அலைந்தது நீ. எங்களுக்கு எந்த மூலை கிடைத்தாலும் போதும். எங்களுக்காக யாரும் சிரமப்பட வேண்டாம்.

அன்புள்ள அக்கா
ஆர்லிஸ்


டூசான்
பிப்ரவரி 24, 2003

அன்பு அக்கா,

நலம்தானே? இங்கே இருவரும் நலம், ஒருவர் கூடுதல் நலம். பின்பக்க அறை எங்களுக்கு என்றதும் கார்மைன் என்னை இடுப்பில் பிடித்துச் சுற்றினார். முட்டி ஞாபகம் வந்த பிறகுதான் விட்டார். உனக்கு எவ்வளவு பெரிய மனசு! உங்களுக்கு நடு அறை போட்டாயிற்று. எட்டாவது மாடி, இடது பக்கம், லிஃப்டிலிருந்து இறங்கி இரண்டு திருப்பம். கப்பல் ஆட்டமே தெரியாதாம்.

ஃபார்கோ கதையைக் கேட்டு இவர் வயிறு குலுங்கச் சிரித்தார். அத்தான் எங்கே போனாலும் சிநேகிதம் பிடித்துவிடுகிறார்!

அவசரத்தில் எழுதுகிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

மாவிஸ்


ஃபெர்கஸ் ஃபால்ஸ்
மார்ச் 16, 2003

அன்புள்ள மாவிஸுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பதில் தாமதமாகிவிட்டது, மன்னித்துக்கொள். நாங்கள் இருக்கிறோம். பனி கரைந்து முற்றம் சேறாகக் கிடக்கிறது. இப்போது வண்டியை நான்தான் ஓட்டுகிறேன். ஓர்விலுக்கு வெயிலில் கண் கூசுகிறதாம்.

உங்கள் அறையைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கவலை. எங்கள் மாதர் வட்டத்தில் லுவெல்லா இருக்கிறாளே, அவள் மருமகன் கப்பல்களுக்குச் சாயம் அடிக்கிறவன். அவன் சொன்னானாம், புகைக்கூண்டு பின்பக்கம்தானாம். சில நாள் கரித்தூள் பால்கனியில் வந்து உட்காருமாம். கார்மைன் வெள்ளைக் கால்சட்டை போடுகிறவர். அடியில் இயந்திரம் வேறு. கப்பல் துறைமுகத்தில் திரும்பும்போது கிளாசில் போட்டு வைத்த பல்செட் தாளம் போடுமாம். எல்லாவற்றுக்கும் மேலாக லிஃப்டிலிருந்து நெடுந்தூரம் நடக்க வேண்டும். அந்த முட்டியை வைத்துக்கொண்டு அவர் ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டுக்கும் நடப்பதை நினைத்தால் எனக்குப் பாவமாக இருக்கிறது.

நீங்கள் சந்தோஷமாக இருந்தால் சரி. உன் காதில் போட்டு வைத்தேன், அவ்வளவுதான்.

லெஃப்ஸா ரொட்டி சுட்டுப் பார்சல் அனுப்பியிருக்கிறேன். ஓர்வில்தான் மாவு தேய்த்தார். சில ரொட்டி சதுரமாக இருக்கும், கண்டுகொள்ளாதே.

அக்கா
ஆர்லிஸ்


டூசான்
மார்ச் 29, 2003

அன்புள்ள அக்கா,

சுகம், சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். சதுர ரொட்டிதான் ருசி என்று இவர் தீர்ப்புச் சொல்லிவிட்டார். வெண்ணெயும் சர்க்கரையும் தடவி நின்ற இடத்திலேயே காலி.

உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். "கரித்தூளா? எங்கப்பன் நியூஜெர்சியில நிலக்கரி வண்டி ஓட்டுனவர். எனக்கு அதுதான் பவுடர்" என்கிறார். "கட்டில் ஆடுனா நல்லதுதான், தாலாட்டு மாதிரி" என்கிறார். நடக்கிற தூரத்துக்கும் பதில் வைத்திருக்கிறார். அத்தனை சாப்பாட்டையும் கரைக்க வேறு வழி வேண்டுமாம்.

அக்கா, நேரடியாகக் கேட்கிறேன். அந்த அறை உனக்கு வேண்டுமா? வேண்டுமென்றால் சொல்லிவிடு, மாற்றித் தரச் சொல்கிறேன். இவர் இரண்டு நாள் மூஞ்சியைத் தூக்கி வைத்திருப்பார், அப்புறம் சரியாகிவிடும்.

மாவிஸ்


ஃபெர்கஸ் ஃபால்ஸ்
ஏப்ரல் 21, 2003

அன்புள்ள மாவிஸுக்கு,

ஈஸ்டர் வாழ்த்துகள். உங்கள் வீட்டில் எல்லோரும் நலமாக இருக்க வேண்டுகிறேன். மினியாபோலிசிலிருந்து ட்ரூடி வந்துவிட்டுப் போனாள். அப்பாவை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. நான் வேறு பேச்சை எடுத்துக்கொண்டே இருந்தேன்.

சேச்சே, அந்த அறை எங்களுக்கு எதற்கு? கார்மைன் ஆசைப்பட்டு எடுத்தது. அதைப் பிடுங்கி நான் எங்கே கொண்டுபோய் வைப்பேன்? இனி அந்தப் பேச்சே வேண்டாம்.

இன்னொன்று. நாங்கள் வராமலே இருந்துவிடலாமா என்று யோசிக்கிறேன். செப்டம்பரில் தோட்டத்தில் வேலை இருக்கும். ஓர்விலுக்கும் முதுகு சரியில்லை. லிஃப்ட், இரண்டு திருப்பம் என்று எழுதியிருந்தாய். அதைப் படித்ததிலிருந்து எனக்கு என்னவோ மனசு ஓடவில்லை. நீங்கள் இருவரும் போய் வாருங்கள். படம் எடுத்து அனுப்பு.

கோபித்துக்கொள்ளாதே.

ஆர்லிஸ்


ஃபெர்கஸ் ஃபால்ஸ்
ஜூன் 3

கொழுந்தியாள் மாவிஸுக்கு,

நீயும் சகலையும் சௌக்கியமா? எனக்கு உடம்பு திடமாக இருக்கிறது. முதுகு வலி எனக்குக் கிடையாது. அது ஆர்லிஸ் எனக்குக் கொடுத்த வலி.

அவள் தோட்டத்தில் ருபார்ப் தண்டு வெட்டிக்கொண்டிருக்கிறாள். வருவதற்குள் எழுதி முடிக்க வேண்டும். எதற்கு உட்கார்ந்தேன் என்பது மறந்துவிடாமல் இருக்க உள்ளங்கையில் "மாவிஸ், அறை" என்று எழுதி வைத்துக்கொண்டிருக்கிறேன்.

பிப்ரவரியில் டாக்டர் என் நோய்க்கு ஒரு பெயர் சொன்னார். மறதி நோய். கூடிக்கொண்டேதான் போகுமாம். ஆர்லிஸ் அந்தப் பெயரை இதுவரை வாயில் எடுக்கவில்லை. நான் அதையும் மறந்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். அதை மட்டும் நான் மறக்கவில்லை.

நான் இந்த வட்டாரம் முழுவதும் பால் லாரி ஓட்டியவன். எந்தப் பண்ணைக்கு எந்தச் சந்தில் திரும்ப வேண்டும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். இப்போது நேராகப் போகிற வரை எனக்கு ஒன்றும் ஆவதில்லை. திரும்பினால்தான் எல்லாம் கலைந்துபோகிறது. நடைபாதை முடிகிற இடத்தில் கதவு என்றால் என்னால் அறைக்கு வந்துவிட முடியும். அவள் அந்த அறையைக் கேட்டது அதற்குத்தான்.

கேட்டாளா என்று நீ கேட்பாய். அவள் பாஷையில் கேட்டாள். நீ ஒரு தடவை கொடுத்தாய், வேண்டாம் என்றாள். இன்னொரு தடவை கொடுத்தாய், வேண்டாம் என்றாள். மூன்றாவது தடவை நீ கேட்பாய் என்று தபால்காரனைப் பார்த்துக்கொண்டு வாசலில் நிற்கிறாள். நீ எழுதவே இல்லை. நீயும் அந்த வீட்டில் பிறந்து வளர்ந்தவள்தானே? பாலைவனத்து வெயிலில் எல்லாம் காய்ந்துவிட்டதா? எனக்கு இரண்டு தடவை மறுத்துவிட்டுக் காத்திருக்க நேரமில்லை. இரண்டாவது தடவையிலேயே எதை மறுத்தேன் என்பது மறந்துவிடும். ஆகவே முதல் தடவையிலேயே கேட்கிறேன். அந்த அறையை எங்களுக்குக் கொடு.

கப்பல் எனக்காக இல்லை. ஒரு வருஷமாக அவள் என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். நான் எழுந்தால் எழுகிறாள். நான் உட்கார்ந்த பிறகுதான் உட்காருகிறாள். ஒரு வாரமாவது அவள் கடலைப் பார்க்கட்டும்.

கதவுச் சத்தம் கேட்கிறது.

ஓர்வில் ட்வைட்


டூசான்
ஜூன் 9, 2003

என் அருமை அக்கா,

நலமா என்று கேட்க வாய் வரவில்லை. நலமில்லை என்று தெரிந்துவிட்டது. அத்தான் கடிதம் எழுதியிருந்தார். அவர் மேல் பாயாதே. பாய்வதானால் என் மேல் பாய்.

நீ வரவில்லை என்று எழுதியதும் எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அறை கிடைக்காத பொறாமை என்று நினைத்தேன். அதனால்தான் பேனாவைத் தொடவில்லை. என் கூடப் பிறந்தவள் அங்கே நாற்காலியைக் கதவுக்கு முட்டுக் கொடுத்துப் படுக்கிறாள், நான் இங்கே சீட்டாடிக்கொண்டிருந்திருக்கிறேன். ஃபார்கோ கதையைப் படித்து நாங்கள் சிரித்தோமே, அக்கா.

அத்தான் கடிதத்தை நான் கார்மைனுக்குப் படித்துக் காட்டினேன். பாதியில் எழுந்து போய் ஜன்னலைப் பார்த்து நின்றார். அப்புறம் ஒரே கத்தல். "என்ன குடும்பம்டி உங்க குடும்பம்? எங்க வீட்ல எவனுக்காவது ஒரு துண்டு வேணும்னா அடுத்தவன் தட்டுலேர்ந்து புடுங்குவான்! வேணாம்னு சொன்னா வேணாம்னு நெனச்சுக்காம வேற என்னத்த நெனைக்கிறது? அந்த ரீட்டாவுக்குப் போனப் போடு. இப்பவே போடு!" ரீட்டா சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். இவர் விடவில்லை. மென்றுகொண்டே இரண்டு அறையையும் மாற்றிக் கொடுத்தாள்.

ஆனாலும் முறை முறைதான். நான் ஒன்றும் காய்ந்துபோய்விடவில்லை என்று அத்தானிடம் சொல். மூன்றாவது தடவையாகக் கேட்கிறேன், அக்கா. பின்பக்க அறை உனக்கு வேண்டுமா?

உன் தங்கை
மாவிஸ்


ஃபெர்கஸ் ஃபால்ஸ்
ஜூன் 17, 2003

அன்புள்ள மாவிஸுக்கு,

வேண்டும்.

இதை எழுதிவிட்டு எழுந்து போய் ஒரு காபி குடித்துவிட்டு வந்தேன். அவ்வளவு பாரம் இறங்கியது. இப்போது முறையாக விசாரிக்கிறேன். நீ சுகமா? கார்மைன் சுகமா? எங்களுக்குச் சுகம் என்று இனி பொய் எழுத மாட்டேன். ஓர்விலுக்குச் சுகமில்லை. எனக்குத் தூக்கமில்லை. ஆனால் உன் கடிதம் வந்த அன்று மத்தியானம் சோபாவில் சாய்ந்தவள், விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் எழுந்தேன்.

முதலில் அவர் மேல் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. "என்னைக் கேக்காம எப்படி எழுதலாம்?" என்று கத்தினேன். "நான் எழுதினேனா?" என்றார். நிஜமாகவே ஞாபகம் இல்லை. உள்ளங்கையைப் பார்த்தார், அங்கேயும் ஒன்றும் இல்லை. உன் கடிதத்தைக் காட்டினேன். படித்துவிட்டு, "நல்லாத்தான் எழுதியிருக்கேன் போலருக்கே" என்றார். அதற்கு மேல் என்னால் கோபப்பட முடியவில்லை. இருவரும் சமையலறையில் நின்று சிரித்தோம். பிறகு நான் அழுதேன். அவர் என் முதுகைத் தட்டிக்கொடுத்தார். அந்த நோயின் பெயரை அவர் வாய்விட்டுச் சொன்னார், நானும் சொன்னேன். வானம் ஒன்றும் இடிந்து விழுந்துவிடவில்லை.

ட்ரூடிக்கும் போன் பண்ணிச் சொல்லிவிட்டேன். "அம்மா, எனக்கு ஈஸ்டர்லயே தெரியும். நீயா சொல்லுவேன்னுதான் பேசாம இருந்தேன்" என்கிறாள். அவளும் நம் வீட்டுப் பெண்தான், வேறென்ன! கப்பலுக்குப் போகக்கூடாது என்பாள் என்று பயந்திருந்தேன். பால்கனிக் கம்பி எவ்வளவு உயரம் என்பதை மட்டும் கேட்டாள். ஓர்வில் போனைப் பிடுங்கி, "அடியே, நான் மறதிக்காரன், முட்டாள் இல்ல. தண்ணியக் கண்டா எனக்குப் பயம், செவத்த ஒட்டித்தான் உக்காருவேன்" என்றார்.

கார்மைனுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. ஆசையாக எடுத்த அறையைக் கொடுத்துவிட்டார். கம்பளிச் சட்டை கொண்டுவரச் சொல். அரிசோனாக்காரர்கள் அங்கே செத்துப்போவீர்கள்.

வான்கூவரில் பார்ப்போம்.

அக்கா
ஆர்லிஸ்


டூசான்
செப்டம்பர் 24, 2003

அன்புள்ள அக்காவுக்கும் அத்தானுக்கும்,

பத்திரமாக வீடு வந்து சேர்ந்தோம். நீங்களும் களைப்பு நீங்கிச் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே வெயில் இன்னும் மண்டையைப் பிளக்கிறது. கார்மைனின் தொளதொளப் பேண்ட்டும் இப்போது இறுக்கமாகிவிட்டது. லிஃப்டின் மணிச் சத்தம் இன்னும் காதில் கேட்கிறதாம். கேட்கட்டும். பகல் முழுவதும் உங்கள் பால்கனியில்தானே கிடந்தார், அத்தானோடு கால் நீட்டிக்கொண்டு!

ஒரு விஷயம். கப்பலில் சொல்லக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார். இப்போது கப்பல் போய்விட்டதால் சத்தியமும் போய்விட்டது.

பனியாற்றைப் பார்த்த அன்று காலை இவர் மேல்தளத்துக்குக் காபி எடுக்கப் போனார். அங்கே அத்தான் தனியாக நிற்கிறார். பக்கத்தில் நீ இல்லை. இவருக்குப் பகீரென்றது. "சகலை!" என்று கூப்பிட வாயைத் திறந்தவர், என்ன தோன்றியதோ, மூடிக்கொண்டார். ஒரு தூணுக்குப் பின்னால் போய் நின்றுவிட்டார். அத்தான் இரண்டு கோப்பையில் காபி ஊற்றினார். ஒன்றில் மட்டும் பால். மாடிப்படியில் இறங்கினார், இவரும் ஓசைப்படாமல் பின்னாலேயே. கீழே வந்ததும் நின்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். கப்பல்காரப் பெண் ஒருத்தி வந்து ஏதோ கேட்டாள். அவர் தலையாட்டி மறுத்துவிட்டார். வெகு நேரம் நின்றதாக இவர் சொல்கிறார். இவருக்கு எதுவுமே வெகு நேரம்தான். பிறகு அத்தான் ஜன்னல் வழியாகத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்தார். தண்ணீர் கப்பலின் பின்புறம் நோக்கித்தானே ஓடும், அந்தப் பக்கமாகத் திரும்பி நடக்க ஆரம்பித்தார். நடைபாதை முழுக்க நடந்து, கடைசியில் கதவைக் காலால் தட்டினார். நீ திறந்தாய். அதைப் பார்த்துவிட்டுத்தான் இவர் திரும்பினார்.

என்னிடம் வந்தபோது கண் சிவந்திருந்தது. "காத்து" என்றார். கப்பலுக்குள்ளே ஏது காற்று?

அந்த நேரத்தில் நீ உள்ளே என்ன பண்ணிக்கொண்டிருந்தாய்? அதைத் தெரிந்துகொள்ளத்தான் எழுதுகிறேன்.

மாவிஸ்


ஃபெர்கஸ் ஃபால்ஸ்
அக்டோபர் 5, 2003

அன்புள்ள மாவிஸுக்கும் கார்மைனுக்கும்,

உங்கள் சுகத்தைப் படித்து மகிழ்ந்தேன். இங்கே மேப்பிள் மரங்கள் எல்லாம் சிவந்துவிட்டன. எனக்குத் தூக்கம் வருகிறது. வாரத்தில் இரண்டு நாள் தேவாலயத்துக்காரர்கள் வந்து ஓர்விலோடு சீட்டாடுகிறார்கள். உதவி வேண்டுமா என்று கேட்டார்கள். முதல் தடவையிலேயே வேண்டும் என்றேன். குட்ரன் ஹாகெனுக்கு வாயடைத்துவிட்டது.

உள்ளே என்ன பண்ணிக்கொண்டிருந்தேன் என்று கேட்டாய். நாற்காலியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டிருந்தேன். "காபி எடுத்துட்டு வரேன்" என்று அவர் கிளம்பினார். நானும் எழுந்தேன். "நீ உக்காரு" என்றார். கல்யாணம் ஆன புதிதில் பேசுவாரே, அந்தக் குரல். உட்கார்ந்தேன். கதவு சாத்திக்கொண்டது. பின்னாலேயே ஓடக்கூடாது என்று நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். எதிரே அந்த நீலப் பனிச்சுவர். கப்பல் அதைவிட்டு மெல்ல விலகிக்கொண்டிருந்தது. பக்கவாட்டு அறை என்றால் கடந்து போயிருக்கும், இங்கே அது என் கண்ணைவிட்டு நகரவே இல்லை. ஒரு பெரிய துண்டு பிளந்து தண்ணீரில் விழுந்தது. சத்தம் கொஞ்சம் தாமதமாகத்தான் வந்தது. நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன், மாவிஸ். அந்தக் கொஞ்ச நேரம் அவர் எங்கே இருக்கிறார் என்ற நினைப்பே எனக்கு வரவில்லை. ஒரு வருஷத்தில் அதுதான் முதல் தடவை. கதவை உதைக்கிற சத்தம் கேட்டதும்தான் எனக்குச் சுரணை வந்தது. காபியில் பாதி அவர் சட்டையில் இருந்தது. மீதியை இருவரும் குடித்தோம்.

கார்மைன் தூணுக்குப் பின்னால் நின்றதற்கு என்ன சொல்வேன்? கூப்பிட்டிருந்தால் யாரும் தப்புச் சொல்லியிருக்க மாட்டார்கள். கூப்பிடாமல் இருந்தாரே, அதை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

நேற்றுக் காலை ஓர்வில் சாப்பிடும்போது கேட்டார். "கப்பலுக்கு எப்பப் போறோம்?"

"போயிட்டு வந்துட்டோம்ங்க" என்றேன்.

"நானும் வந்தேனா?"

"நீங்க இல்லாமயா?"

கரண்டியைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார். ஒன்றும் வரவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. அப்புறம் கொஞ்சம் பயந்த மாதிரி கேட்டார்.

"எங்கயாச்சும் தொலைஞ்சு போனேனா?"

"ஒரு தடவகூட இல்ல."

"நெஜமாவா?"

"நெஜமா. தனியா போனீங்க, தனியா வந்தீங்க."

"அப்ப நல்ல கப்பலாத்தான் இருந்திருக்கும்" என்று சொல்லிவிட்டு, இன்னும் இரண்டு முட்டை கேட்டுச் சாப்பிட்டார்.

என்றும் உங்கள் அன்புள்ள
ஆர்லிஸ்